உடவத்தகெலேயின் அயலவர்கள்

கண்டிக்கு வருவோர் யாவரும் தலதா மாளிகையைத் தரிசிக்கின்றனர். வாவியைச் சுற்றி நடக்கின்றனர். பேராதனைப் பூந்தோட்டத்தில் ஒரு பகற்பொழுதைக் கழிக்கின்றனர். மாளிகைக்குப் பின்னே கரும்பச்சை நிறத்தில் எழுந்து நிற்கும் மேட்டை நிமிர்ந்து பார்ப்போர் சிலரே. அதனுள்ளே சென்று வந்தோர் அவர்களினும் சிலர். இந்நகரிலேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் சென்று, இங்கேயே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர்களில்கூட, "உடவத்தகெலேயா? சிறுவயதில் ஒரு தடவை போனதாக ஞாபகம்" என்று சொல்வோரை நாம் நிறையக் கண்டிருக்கிறோம்.

'உட வாசல வத்த' என்பது அதன் பழைய பெயர். அரண்மனைக்கு மேலேயுள்ள தோட்டம் என்பது அதன் பொருள். கண்டி அரசர் காலத்தில் அது அரச குடும்பத்தாருக்கே உரியதாயிருந்தது. குடிகள் அதனுள் நுழைவதில்லை. 1815 இல் இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சேர் ரொபேர்ட் வில்மட் ஹோர்ட்டனின் மனைவி பெயரைத் தாங்கிய பாதை ஒன்று இன்றும் மரங்களுக்கிடையே வளைந்து செல்கிறது. 1856 இல் அது ஒதுக்குக் காடாயிற்று. 1938 இல் சரணாலயமாயிற்று. அதன் பரப்பு ஏறக்குறைய 104 ஹெக்டேயர். பழைய கணக்கிலே 257 ஏக்கர். சுற்றிலும் வீதிகளும் வீடுகளும் சூழ, ஊருக்கு நடுவே ஒரு தீவு போல நிற்கிறது அக்காடு.

அந்தத் தீவின் கரையில் குடியிருப்பவர்கள் நாம். எமது வீட்டுக் கொல்லைப்புற வேலிக்கு அப்பால் சில காணிகள் தாண்டினால் காடு தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் மழையில்லாத காலைவேளையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உள்ளே சென்று வருவது எமது இல்லத்தின் வழக்கம். வழித்துணைக்குச் சில வேளை அப்பாயியும் வருவார். இளமையில் ஹந்தானை மலைத் தோட்டத்திலே கொழுந்தெடுத்தவர் அவர். புத்தகம் படித்தறியாத அவருக்கு, எந்தப் பற்றைக்குள் அட்டை அதிகம், எந்தக் கூவலுக்குப் பின் மழை வரும் என்பதெல்லாம் மனப்பாடம். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பைப் பேரப்பிள்ளைகளின் கணுக்காலில் தடவிவிட்டு, "இப்ப போங்கடா, அட்டை கிட்ட வராது" என்பார். அதையும் மீறி இரண்டொரு அட்டைகள் ஏறத்தான் செய்யும். பிள்ளைகள் அலறுவதும் அப்பாயி சிரிப்பதும் எமது நடையின் ஓர் அங்கமாகிவிட்டன.

உள்ளே நுழைந்ததும் நகரத்தின் இரைச்சல் அடங்கிவிடும். ஜெர்மனியிற் பிறந்து பௌத்த துறவியான நியானபோனிக தேரர் 1952 முதல் 1994 இல் மறையும் வரை இக்காட்டினுள்ளேயுள்ள ஆசிரமத்திலேதான் வாழ்ந்தார். அங்கே சிறிது நேரம் நின்றாலே, அவர் ஏன் இவ்விடத்தைத் தேர்ந்தார் என்பது விளங்கும்.

அங்கே பிள்ளைகளை முதலில் கவர்வது 'புஸ்வெல' என்னும் பெருங்கொடி. கொடி என்று சொன்னால் முல்லையும் அவரையுந்தான் நம் நினைவுக்கு வரும். இதுவோ மனிதன் தொடையினும் பருத்து, முறுகித் திருகி, மரத்துக்கு மரம் தாவி, மலைப்பாம்பு போலக் கிடக்கிறது. இதன் காய் ஒரு மீற்றருக்கும் மேல் நீளும். அதனுள்ளே பளபளப்பான, தட்டையான பழுப்பு விதைகள் இருக்கும். இவ்விதை ஆற்றோடு சென்று கடலில் விழுந்தாலும் மாதக்கணக்கில் மிதந்து, வேறொரு நாட்டுக் கரையில் முளைக்க வல்லது. எமது இளைய மகனின் சட்டைப்பையில் அப்படிப்பட்ட விதை ஒன்று எப்போதும் இருக்கும்.

அடுத்தது 'வல்தெல்' மரம். பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் உறவு. இதன் கொட்டையை வறுத்துத் தின்பார்கள். உலகில் இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இம்மரம் இயற்கையாக வளர்வதில்லை. அதன் அடியிலே, அதிர்ஷ்டம் இருந்தால், இன்னுமொரு சுதேசியைக் காணலாம்: மூக்கு நுனியிலே உருண்டையான குமிழ் ஒன்றை ஒட்டவைத்தாற்போன்ற பச்சை ஓணான். பயமுறுத்தினால் செக்கச் சிவந்த வாயை அகலத் திறந்து காட்டும். அதுவும் பலிக்காவிட்டால் செத்ததுபோற் கிடக்கும். மண்புழுவே அதன் முக்கிய உணவு. உலகிலுள்ள ஓணான்களுள் இதன் பேரினத்தைச் சேர்ந்தது இது ஒன்றே. அந்த ஒன்றும் இந்நாட்டுக்கே உரியது.

பறவைகளைப் பார்ப்பதிலும் கேட்பதே எளிது. பச்சை உடலும் மஞ்சள் நெற்றியுமுடைய குக்குறுவான் ஒரு கிளையிலிருந்து ஓயாது குரல் கொடுக்கும். அதுவும் இலங்கைக்கே உரியது. ஐப்பசியில் வெளிநாட்டு விருந்தாளி ஒன்று வந்து சேரும். இமயமலை அடிவாரத்திலிருந்து பறந்து வந்து, சித்திரை வரை இங்கு தங்கும் ஆறுமணிக்குருவி அது. விடியும்போதும் பொழுது சாயும்போதும் தவறாமற் குரல் கொடுப்பதால் தமிழர் அதற்கு அப்பெயரை இட்டனர். சிங்கள மக்களோ அதன் கூவலிலே ஒரு வழக்கைக் கேட்டனர்: தனது அழகிய ஆடையை மயில் கவர்ந்து சென்றுவிட்டதாக அது முறையிடுகிறதாம். நீண்ட வெண்வாலுடன் பறக்கும் ஈப்பிடிப்பானை அவர்கள் 'துணித் திருடன்' என்று அழைக்கின்றனர்; சலவைத் துணியைக் கௌவிக்கொண்டு ஓடுவதுபோலத்தான் அதுவும் தோன்றும். ஒரே பறவையை இரண்டு மொழியினர் இருவிதமாகக் கண்டிருப்பது எவ்வளவு சுவையானது!

இங்கேதான் ஒரு குறையை நாம் உணர்ந்தோம். எமது மூத்த மகள் ஒரு கொப்பியிலே காட்டில் கண்டவற்றின் பெயர்களை எழுதத் தொடங்கினாள். நடுவே ஒரு கோடிட்டு, இடப்புறம் சிங்களம், வலப்புறம் தமிழ் என்று பிரித்துக்கொண்டாள். சில வாரங்களில் இடப்பக்கம் நிறைந்துவிட்டது. வலப்பக்கத்திலோ பாதிக்கு மேல் வெறுமை. "அப்பா, வல்தெல்லுக்குத் தமிழில் என்ன?" என்று கேட்டாள். "காட்டு ஈரப்பலா என்று எழுது மகளே" என்று சொன்னோம். அது சிங்களப் பெயரின் நிழலேயன்றி, தமிழன் அம்மரத்தோடு பழகி இட்ட பெயரன்று என்பது அவளுக்கும் தெரிந்தது.

காரணம் இல்லாமலில்லை. பாலை, முதிரை, வீரை என்று உலர்ந்த நிலத்து மரங்களுக்கெல்லாம் தமிழில் அழகான பெயர்கள் உண்டு. அவற்றின் நிழலிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர் தமிழர். ஈர மலைக்காடுகளுக்கு நம்மவர் பெருந்தொகையாக வந்தது கோப்பியும் தேயிலையும் பயிரிட்ட காலத்தில். அவர்கள் வந்தபோது காடு விழுந்துகொண்டிருந்தது. விழும் மரத்துக்குப் பெயரிட யாருக்கு நேரம்?

பெயர்களைத் தேடிக் கண்டியிலேயே உழைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 1821 இல் பேராதனைத் தோட்டத்தை அமைத்த அலெக்சாண்டர் மூன், மூன்று ஆண்டுகளில், அதாவது 1824 இல், இலங்கைத் தாவரங்களின் அட்டவணையைச் சுதேசப் பெயர்களோடு வெளியிட்டார். அத்தோட்டத்திலே ஹர்மானிஸ் டி அல்விஸ் என்னும் சித்திரக்காரர் பல பத்தாண்டுகள் அமர்ந்து, ஒவ்வொரு செடியையும் பூவும் காயும் விதையுமாக வரைந்தார். அவருக்குப் பின் அவர் மைந்தரும் வரைந்தனர். 1880 இல் தோட்டத்தின் தலைமையை ஏற்ற ஹென்றி டிரைமன், இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தமது பெரிய நூலிலே சிங்களப் பெயரோடு, கிடைத்த இடமெல்லாம் தமிழ்ப் பெயரையும் சேர்த்தார். 1896 இல் அவர் காலமானபின் எஞ்சிய பாகங்களை முடித்தவர் இங்கிலாந்தின் ஜோசப் ஹூக்கர். இத்தனை பேர் உழைத்துச் சேர்த்த பெயர்களை நம் பிள்ளைகள் அறியாமற் போவது நியாயமா?

தமிழ்ப் பெயர் இருந்தும் நாம் மறந்தவை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். வானம் தெளிந்த நாளில் காட்டின் மேட்டிலிருந்து வடகிழக்கே நோக்கினால் நக்கிள்ஸ் மலைத்தொடர் தெரியும். மூடிய கைமுட்டியின் கணுக்களைப் போன்ற சிகரங்களைக் கண்டு ஆங்கிலேயர் அப்பெயரை இட்டனர். சிங்களத்தில் அது தும்பறை. பனிமூட்டம் நிறைந்த மலை. அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பனியா 1906 மீற்றர். மூக்கிலே இலை முளைத்தாற்போன்ற ஓணான் ஒன்று அம்மலையிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. 1861 இல் விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர், இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்து இந்நாட்டு உயிரினங்களைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் டெனன்ட் என்பாரை நினைவூட்டுகிறது.

அந்த மலையிலே 'நெலு' என்றொரு புதர் இனம் உண்டு. அதில் சில வகைகள் பல ஆண்டுகள் பூவாது நின்று, பின் மலையே நிறம் மாறும்படி ஒருமிக்கப் பூத்து, விதை சொரிந்து, மடிந்துவிடும். தேனீக்கள் திரளும், விதை பொறுக்கக் காட்டுக்கோழிகள் வந்து கூடும். இதைக் கேட்ட மகள், "இது குறிஞ்சி அல்லவா!" என்றாள். ஆம், நெலு குறிஞ்சியின் உடன்பிறப்பே. நீலகிரியிற் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியும் இதுவும் ஒரே பேரினம். ஐந்திணையைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதும் நம் மாணவர், குறிஞ்சி தம் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும் மலையிலே பூக்கிறது என்பதை அறியாதிருக்கின்றனர். கொப்பியின் வலப்பக்கத்தில் அன்று ஒரு வெற்றிடம் நிரம்பியது. நக்கிள்ஸ் காடு 2000 இல் பாதுகாப்பு வனமாயிற்று; 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆயினும் அந்த இலைமூக்கு ஓணானைப் பிடித்துக் கடல் கடந்து விற்போர் இருந்தபடியால், 2019 இல் அதைச் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்க நேர்ந்தது.

உடவத்தகெலேக்கு வரும் ஆபத்தோ வேறுவிதமானது. நம் வீட்டு வரவேற்பறையிலே கண்ணாடிப் போத்தலில் நீர் ஊற்றி 'மணி பிளாண்ட்' வளர்க்கிறோம் அல்லவா? பசிபிக் சமுத்திரத் தீவொன்றிற் பிறந்த கொடி அது. போத்தலில் உள்ளங்கையளவு இலையோடு அடக்கமாயிருக்கும். யாரோ ஒருவர் வேண்டாமென்று வேலிக்கு அப்பால் வீசிய துண்டு காட்டிலே வேர்விட்டுவிட்டால், அதன் இலை முறம்போல் அகன்று கிழிந்து, நிலத்தை மூடி, மரத்தில் ஏறி, கீழே முளைக்கும் கன்றுகளுக்கு வெளிச்சமே இல்லாமற் செய்துவிடும். காட்டினுள்ளே அது மூடிய இடங்களை நாம் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவிலிருந்து கொணர்ந்து நட்ட பெரு பால்சம் மரமும் அவ்வாறே. ஒற்றைச் சிறகுள்ள அதன் விதை காற்றிற் சுழன்று எங்கும் விழுகிறது. தாய்மரத்தைச் சுற்றிக் கன்றுகள் நாற்றுமேடைபோல் நெருங்கி முளைக்கின்றன. அவற்றினிடையே வல்தெல்லின் கன்று எப்படித் தலைதூக்கும்? அங்கே மரம் வெட்டும் சத்தம் எதுவும் கேட்பதில்லை, பச்சையும் குறைவதில்லை. ஆனால் அந்தப் பச்சையின் உள்ளே காடு மாறிக்கொண்டிருக்கிறது.

இனி, எமது அயலவருள் மிகவும் வழக்குக்குரியவரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். சிங்களத்தில் 'ரிளவா' எனப்படும் குரங்கைத்தான் சொல்கிறோம். தலைமயிர் நடுவிலிருந்து வட்டமாகப் பிரிந்து தொப்பி வைத்தாற்போல் தோன்றும். இவ்வினமும் இலங்கைக்கே உரியது. கன்னத்திலுள்ள பைகளிற் பழங்களை அடக்கிக்கொண்டு ஓடி, வேறிடத்திலிருந்து தின்று கொட்டையைத் துப்பும்; அவ்வாறு காட்டு மரங்களை விதைப்பதும் இதுவே. பொலன்னறுவையில் 1968 முதல் வொல்ஃப்காங் டிட்டஸ் என்னும் விஞ்ஞானி இக்குரங்குகளைத் தலைமுறை தலைமுறையாகக் கவனித்து வந்தார். பெண்குரங்கு பிறந்த கூட்டத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும். தாயின் அந்தஸ்தே மகளுக்கு. ஆணோ வளர்ந்ததும் கூட்டத்தை விட்டு நீங்கும். உணவு குறைந்தால் முதலில் வாடுவன அந்தஸ்துக் குறைந்தவையும் குட்டிகளுமே. இதை வாசித்துக் காட்டியபோது அப்பாயி வியப்படையவில்லை. "நம்ம கூரைக்கு வர்றதுல காது கிழிஞ்ச ஒருத்தி இருக்காளே, அவ மகள் தின்ன பொறகுதான் மத்ததெல்லாம் தின்னும். நான் எத்தனை நாளாச் சொல்றேன்" என்றார்.

இத்தனை சிறப்பும் கூரையில் ஏறாதவரைக்குந்தான். எமது ஒழுங்கையின் கோடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வசிக்கிறார். மனைவி நோயாளி. குரங்குகள் அவர் வீட்டு ஓடுகளைப் புரட்டி, ஓர் அடைமழை இரவிலே படுக்கைமேல் நீர் கொட்டியது. பப்பாளியும் கொய்யாவும் தென்னங்குரும்பையும் ஒன்றுகூட அவர் கைக்குக் கிட்டியதில்லை. குரங்குகளைப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விடும்படி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதி, கையெழுத்துக்காக எமது வீட்டுக்கும் வந்தார். "தம்பி, உங்களுக்கு அது காட்சி, எனக்கு அது ஓடு" என்று அவர் சொன்னதற்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

நாடு முழுவதும் இதே வழக்குத்தான். 2023 ஏப்ரலில் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்ற யோசனை எழுந்து, பெரும் எதிர்ப்பின் பின் கைவிடப்பட்டது. 2025 மார்ச் 15 ஆம் திகதி, குடிமக்கள் தத்தம் காணிகளில் ஐந்து நிமிடம் நின்று குரங்கு, மயில், மர அணில் ஆகியவற்றை எண்ணும்படி அரசாங்கம் கேட்டுக்கொண்டது. எமது பிள்ளைகளும் எண்ணினார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் குரங்குகளின் தொகையோடு இன்னொன்றையும் மகள் கண்டாள்: அவை இறங்கியது எந்தப் பழமரத்திலுமன்று, ஒழுங்கை முனையில் திறந்து கிடந்த குப்பைக் குவியலிலே.

அதையே ஆசிரியரிடம் சொன்னோம். குரங்குகளைத் தூரக் காட்டில் விட்டால் அங்குள்ள கமக்காரனின் ஓடு உடையும். இங்கே குப்பை உள்ளவரை வேறொரு கூட்டம் வந்து அவ்விடத்தை நிரப்பும். பாணும் சோறும் இலகுவாகக் கிடைக்கும் இடத்திலே குட்டிகள் பிழைத்துக் கூட்டமும் பெருகும். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியானால் என் கூரைக்கு வழி சொல்லுங்கள்" என்றார். நியாயமான கேள்வி. ஒழுங்கையிலுள்ள பன்னிரண்டு வீட்டாரும் அவர் முற்றத்திலே கூடினோம். விண்ணப்பம் மாறியது, குப்பையைக் குறித்த நாளிலே அகற்றும்படி அதிற் கேட்டோம். வீட்டுக்கு வீடு இறுகிய மூடியுள்ள தகரப் பீப்பா வாங்கினோம். பழத்தை முற்றியதுமே பறித்தோம். ஆசிரியரின் கூரைக்கு எல்லோரும் பணம் சேர்த்துக் கம்பிவலை அடித்துக் கொடுத்தோம். காட்டு வாசலிலே பிஸ்கட் எறியும் உல்லாசப் பயணிகளிடம் பிள்ளைகள் மும்மொழியிலும் மன்றாடுகிறார்கள்.

குரங்குகள் வருவது நின்றுவிட்டதா? இல்லை. வாரத்தில் ஐந்து நாள் வந்தவை இப்போது ஒன்றிரண்டு நாள் வருகின்றன. ஆசிரியரின் பப்பாளியில் பாதி அவருக்கும் பாதி அவற்றுக்குமாயிற்று. "இந்தக் குத்தகை பரவாயில்லை" என்று அவர் இப்போது சொல்கிறார். குறிஞ்சிக்கு உறவான நெலுவைப் பற்றி மகளுக்கு விளக்கமாகச் சொல்லித் தந்தவரும் அவரே.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் தேசியக் கொடியிலே சிங்கம் இருக்கிறது. நம் காட்டிலே சிங்கம் இல்லை. கொடியில் இடம்பெறாத எத்தனையோ உயிர்கள், உலகில் வேறெங்கும் வாழ இடமில்லாதவை, உங்கள் வீட்டு வேலிக்கருகே வாழ்கின்றன. ஒரு கொப்பியை எடுங்கள், நடுவே கோடிடுங்கள். சிங்களப் பெயரை அயல்வீட்டு நண்பனிடம் கேளுங்கள். தமிழ்ப் பெயரை அப்பாயியிடமும் அம்மாயியிடமும் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பெற்றோர்களே, மணி பிளாண்டை வெட்டினால் வேலிக்கு அப்பால் வீசாதீர்கள். வெயிலிலே நன்கு காயவிட்டு எரித்துவிடுங்கள். 257 ஏக்கர் காட்டுக்கு நாம் செய்யக்கூடியது இவ்வளவு சிறியதா என்று தோன்றலாம். அக்காட்டுக்கு வந்த கேட்டிற் பாதியும் அதே அளவு சிறிய செயல்களால் விளைந்ததே.